கடையோடு வந்த மன்றம், தனியாக வாங்கிய வலைப்பதிவு: உங்கள் அனுபவம் என்ன?

இணையக் கடைக்கு மென்பொருள் தேடியபோது, வலைப்பதிவும் விவாத மன்றமும் உள்ளேயே இருக்கிற ஒன்றாகப் பார்த்து எடுத்தேன். சும்மா கிடைப்பதை ஏன் விடுவானேன்? மூன்று மாதத்தில் மன்றத்தில் விழுந்த பதிவுகள் ஐந்து. இரண்டு நானே எழுதியவை. மெனுவிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டு, மூடியாயிற்று என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் கடையின் பெயரைத் தேடுபொறியில் போட்டால், எங்கள் முகவரியிலேயே தூக்க மாத்திரை விளம்பரம் வருகிறது! இணைப்புதான் போயிருந்தது, பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது. 'பொருள் பராமரிப்பு' பிரிவில் ஸ்பேம் நிரல்கள் நானூறுக்கு மேல் இழைகளைத் தொடங்கியிருந்தன. அவற்றை நீக்குவது பெரிய வேலையில்லை. மன்றத்துக்கும் கடைக்கும் ஒரே உறுப்பினர் கணக்கு என்பதுதான் வினையாகிவிட்டது. போலிக் கணக்குகள் வாடிக்கையாளர் பட்டியலில் கலந்து, செய்திமடல் அவற்றுக்கும் போய், பாதி திரும்பி வந்து, கடைசியில் ஆர்டரை உறுதிசெய்யும் மின்னஞ்சல்கூட உண்மையான வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கியது. ஒரு முறையாவது பொருள் வாங்கியவர்களைத் தனியே பிரித்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கினேன்.

மறுமொழி

என் கதை நேர்மாறு. எங்கள் மென்பொருளில் வலைப்பதிவு கிடையாது. மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரலான செருகுநிரல் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். கடையைப் புதிய பதிப்புக்கு மாற்றிய அன்று வலைப்பதிவு வெற்றுப் பக்கமாக நின்றது. செருகுநிரலை எழுதியவரிடமிருந்து பதிலே இல்லை. கட்டுரைகள் தரவுத்தளத்தில் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் அந்தச் செருகுநிரலின் சொந்த அட்டவணைகளில். ஏற்றுமதி செய்ய ஒரு பொத்தான்கூட இல்லை. கையால் வினவல் எழுதி எடுத்து, பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும், வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பிவிடும் 301 திசைமாற்றம் போட்டு முடிக்க இரண்டு வார இறுதிகள் போயின. இப்போது எந்தச் செருகுநிரலைப் பார்த்தாலும், உள்ளே போட்டதை வெளியே எடுக்க வழி உண்டா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

மறுமொழி

வலைப்பதிவுக் கட்டுரை என்பது கடை இருக்கும்வரை இருக்க வேண்டியது. அது உள்ளேயே இருக்கட்டும். மன்றம் கூட்டம் சேர்ந்த பிறகு போதும். இணையக் கடை மென்பொருளான ஷாப்பிஃபையிலும் வலைப்பதிவு கூடவே வருகிறது, மன்றம் வருவதில்லை. வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளின் கதை தனி: 2003இல் வலைப்பதிவுக்காகப் பிறந்த வேர்ட்பிரஸின் மேல் 2011இல் வந்து ஏறிய செருகுநிரல் அது. அங்கே கடைதான் விருந்தாளி.

இழையைத் தொடங்கியவருக்கு: தேடுபொறிகளுக்குத் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப் கோப்பில் அந்த மன்ற முகவரிகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா?

தொடங்கியவர்

இப்போதுதான் பார்த்தேன். இருக்கின்றன.