பக்கம் சரிந்த பெட்டிக்குக் கையால் அறுத்த புறாவால் (dovetail) மூட்டு: பார்த்தவர்கள், செய்தவர்கள் சொல்லுங்கள்

செம்பூர்வாசி:
மும்பை ஓஷிவாரா பக்கம் பட்டறை வைத்திருக்கும் நாகர்கோவில் ஆசாரி ஒருவரிடம் வாய் அகன்ற தேக்குப் பெட்டி ஒன்று சொல்லியிருந்தேன். நாலு பக்கமும் 15 டிகிரி வெளியே சரியணும், மூலையில் ஆணி கூடாது, புறாவால்தான் (ஒரு பலகை முனையில் புறாவின் வால்போல விரிந்த பற்களை அறுத்து, அடுத்த பலகையின் பள்ளங்களில் பூட்டுவது) என்று நிபந்தனை. கூலியைச் சொன்னால் அடிக்க வருவீர்கள், விடுங்கள்.

வேலை நடந்த அன்று போய் உட்கார்ந்தேன். மூலைமட்டத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பக்கம் சரிந்தால் உள்மூலை 90 டிகிரியில் நிற்காது, 94-க்குக் கிட்டே விரியுமாம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், 93.8. அதனால் பலகை முனையை இரண்டு சாய்வில் அறுக்க வேண்டும், அகலத்தில் ஒன்று, கனத்தில் ஒன்று.

அடுத்ததுதான் விஷயம். முனை சாய்வாக இருப்பதால் வாலையும் அந்த முனைக்குச் செங்குத்தாக வரையத்தான் நமக்குக் கை போகும். அவர் ஒவ்வொரு வாலின் நடுக்கோட்டையும் பலகையின் நீள விளிம்புக்கு இணையாக, நார் ஓடுகிற வாக்கிலேயே போட்டார். “இல்லேன்னா ஒரு பக்கம் நார் குறுக்கே அறுபட்டுரும் தம்பி.” கழிவுத் துண்டில் முனைக்குச் செங்குத்தாக ஒன்று அறுத்து, உளியால் லேசாக நெம்பினார். வாலின் மூலை பட்டென்று தெறித்தது.

கோடும் பென்சிலில் இல்லை, கத்தி முனையால் கீறல். உளி அதில் தானாகப் போய் உட்காருகிறது.

மாட்டுங்கா மாமி:
சோர் பஜாரில் வாங்கிய எங்கள் பழைய மேசையின் இழுப்பறையிலும் அந்தக் கீறல் இன்னும் தெரிகிறது. வால்கள் ஒரே அளவில்கூட இல்லை. மழைக்காலத்தில் இழுப்பறை திறக்க மறுக்கும், ஆனால் மூலை இம்மியும் பிரியாது. பலகைகளின் நார் மூலையைச் சுற்றி ஒரே வாக்கில் ஓடுவதால் எல்லாம் சேர்ந்தே உப்பும். பழுது பார்த்தவர் இது விலங்குத் தோலில் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை, சூட்டில் இளகும் என்று சொல்லி, வெந்நீர்த் துணி சுற்றிக் கழற்றினார். பெவிகாலாக இருந்தால் இவ்வளவு லேசில் வந்திருக்காது.

தாராவித் தச்சன்:
வாலின் சாய்வு மென்மரத்துக்கு 1:6, தேக்கு மாதிரிக்கு 1:8 என்பது ஏட்டுக் கணக்கு. எங்கள் பட்டறையில் கண்ணளவுதான். ரொம்பச் சாய்த்தால் வால் நுனி உடையும், ரொம்பக் குறைத்தால் பிடிப்பு இருக்காது. செம்பூர்வாசி, சரிந்த பக்கத்தில் கிளாம்பு வழுக்குமே, எப்படி இறுக்கினார்?

செம்பூர்வாசி:
முனை அறுக்கும்போது விழுந்த ஆப்புத் துண்டுகளை எடுத்து வைத்திருந்தார். அதே சாய்வுதானே, அதையே முட்டுக் கொடுத்து இறுக்கினார்.