தங்கச்சிமடத்தில் நுழைந்தால் பாம்பனுக்கே திரும்பும் நெதர் போர்ட்டல்

மண்டபம் வாசகர்:
மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் ஜாவா பதிப்பில், 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தையும் தீவின் ஊர்களையும் நானும் என் தம்பியும் கட்டி வருகிறோம். நெதர் என்னும் பாதாள உலகுக்குச் செல்லும் வாயில்களான போர்ட்டல்களில், பாம்பன் போர்ட்டல் எக்ஸ் 800, இசட் -240 என்ற இடத்திலும், தங்கச்சிமடம் போர்ட்டல் எக்ஸ் 880, இசட் -160 என்ற இடத்திலும் உள்ளன. தங்கச்சிமடத்தில் நுழைந்து, நெதரிலிருந்து உடனே திரும்பினாலும் பாம்பனில்தான் நிற்கிறோம். எங்கே பிழை?

கீழக்கரை வாசகர்:
போர்ட்டல் பழுதாகவில்லை, தம்பி. நெதரில் 1 கட்டம் நடப்பது மேலுலகில் (நீங்கள் ஊர் கட்டும் வழக்கமான உலகில்) 8 கட்டங்களுக்குச் சமம் என்பதால், எக்ஸ், இசட் இரண்டையும் 8-ஆல் வகுக்க வேண்டும். பாம்பனுக்கு 100, -30. தங்கச்சிமடத்துக்கு 110, -20. நெதருக்குள் செல்லும்போது, கணக்கிட்ட இடத்திலிருந்து 16 கட்டங்களுக்குள் ஏற்கெனவே ஒரு போர்ட்டல் இருந்தால், விளையாட்டு புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதிலேயே உங்களை இறக்கிவிடும். உங்கள் இரு இடங்களும் நெதரில் 10 கட்டங்களே தள்ளி இருப்பதால், பாம்பனின் நெதர் போர்ட்டலில் இறங்கிவிட்டீர்கள். நெதருக்குள் 110, -20 என்ற இடத்துக்கு நடந்தே சென்று, அங்கே உங்கள் கையால் ஒரு போர்ட்டல் கட்டுங்கள்; சட்டத்தின் மூலைகளை விட்டுவிட்டால் 10 அப்சிடியன் (கருங்கண்ணாடிக் கல்) போதும். உயரத்தை வகுக்கக் கூடாது.

தொண்டி வாசகர்:
எதிர்ம எண்களில் கவனம் தேவை. -243-ஐ 8-ஆல் வகுத்தால் -30.375 வரும், அதை -30 என்று கொள்ளாமல் -31 என்று கொள்ள வேண்டும். நான் இதில்தான் ஒரு முழு மாலையை இழந்தேன்.

மண்டபம் வாசகர்:
110, -20-இல் கட்டினோம், அண்ணா. இப்போது தங்கச்சிமடத்திலேயே வெளிவருகிறோம். மிக்க நன்றி. அடுத்து தனுஷ்கோடி.