குரல் அவரைத் தூக்கிவிட்டதா, கட்டிப்போட்டதா? எம்.எஸ்.பாஸ்கர் பற்றி ஒரு விவாதம்

கீழக்கரை ரேடியோ:
எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். பார்க்கிங் படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது என்று 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி அறிவித்தார்கள். பூக்காலம் என்ற மலையாளப் படத்தில் நடித்த விஜயராகவனும் அவரும் பகிர்ந்துகொண்ட விருது. அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "பாதி ஆயுசை டப்பிங்கிலேயே போக்கிட்டாரு. இல்லேன்னா இந்த விருதை எப்பவோ வாங்கியிருப்பாரு." அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முப்பது வருடம் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்தவன். என் கட்சி இதுதான்: டப்பிங் அவருடைய காலத்தைத் தின்னவில்லை. டப்பிங்தான் அவரை நடிகராக்கியது. 1987இல் திருமதி ஒரு வெகுமதியில் தலைகாட்டியவர் 2023இல் பார்க்கிங் வரைக்கும் வந்திருக்கிறார். இடையில் இருக்கிற 36 வருடத்தில் வாய்ப்பு இல்லாத நாளிலெல்லாம் அவருக்குச் சோறு போட்டது மைக்.

இன்னொன்று. அவர் பெயரில் உள்ள எம் என்பது முத்துப்பேட்டை என்றதும் நம் ஆட்கள் பலர் பெரியபட்டினம் பக்கத்து முத்துப்பேட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. அவருடையது வடக்கே, திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை. ஆனாலும் அதுவும் நம்மைப் போலக் கடற்கரைப் பக்கம்தான்.

தொண்டி தமிழ் டீச்சர்:
காக்கா (அண்ணன்), உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் நான் எதிர்க்கட்சி.

அவர் பெரிய நடிகர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கோபம். டப்பிங் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, ஏற்றி, இறக்கி, கடைசி எழுத்து வரைக்கும் கேட்கும்படி பேசுகிற பழக்கம். சின்னப் பாப்பா பெரிய பாப்பா சீரியலில் பட்டாபியாக வந்தபோது அது அழகாக இருந்தது, வீடே சிரித்தது. அதற்கப்புறம் வந்த இயக்குநர்கள் எல்லோரும் அந்தக் குரலைத்தான் கேட்டு வாங்கினார்கள். மனிதரைக் கேட்கவில்லை. இரண்டு காட்சி, ஒரு கத்தல், ஒரு உளறல், முடிந்தது. எத்தனை படங்கள் அப்படி! பார்க்கிங் படத்தில்தான் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். விருது கிடைத்ததும் அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

குரல் அவரைக் கட்டிப்போட்டது. அவிழ்த்துக்கொண்டு வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஒப்பிலான்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பார்க்கிங்கில் அவர் எப்படித் துணை நடிகர்? ஒரு வீடு, இரண்டு குடித்தனம், வண்டி நிறுத்த ஒரே இடம். கர்ப்பிணி மனைவிக்காக ஹரிஷ் கல்யாண் கார் வாங்குகிறார், மேல்வீடு கீழ்வீடு சண்டை மூள்கிறது. இளம்பரிதி என்கிற பாஸ்கர் இல்லாமல் அந்தக் கதை ஒரு அடி நகருமா? படத்துக்கே சிறந்த தமிழ்ப் படம் என்றும் திரைக்கதைக்கு என்றும் விருது கொடுத்தார்கள். அந்தத் திரைக்கதையில் பாதி இவர் தோளில்தான் நிற்கிறது. அந்த வருடம் சிறந்த நடிகர் விருதை ஜவானுக்காக ஷாருக் கானுக்கும் 12த் ஃபெயிலுக்காக விக்ராந்த் மாஸ்ஸிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றாவதாக ஒரு பெயர் அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டும்.

வடகடல்:
ஒப்பிலான் அண்ணன் சொல்வது சரி. நான் மண்டபத்துக்காரன். பார்க்கிங் படம் எங்களுக்கு வேற மாதிரி படும். கரையில் வத்தை என்கிற படகு நிறுத்துகிற இடத்துக்கு எங்கள் தெருவில் நடந்த சண்டையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் நங்கூரக் கயிறு இன்னொருத்தர் கயிற்று மேல் விழுந்தது, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பெரியவர் படகைக் கடலில் தள்ளும்போது பக்கத்துப் படகைத் திரும்பியே பார்க்க மாட்டார். கழுத்து மட்டும் விறைத்திருக்கும். பார்க்கிங்கில் பாஸ்கர் அய்யாவைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கழுத்துதான் ஞாபகம் வந்தது. குரல் ஞாபகம் வரவில்லை.

அதனால் டீச்சர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

கீழக்கரை ரேடியோ:
தம்பி வடகடல், கடற்கரைக்காரன் நீயே இப்படிச் சொல்லலாமா? நம் பக்கத்து ஆட்கள் படத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான். மதுரை நிலையம் இரையும்போதுகூட இலங்கை வானொலி கண்ணாடி மாதிரி விழும். பி.எச்.அப்துல் ஹமீது பேச ஆரம்பித்தால் மீன் அறுக்கிற பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். முகம் தெரியாத குரலுக்கு மரியாதை கொடுத்த கரை இது.

1984இல் விதி படம் வந்தது. அதன் வசனக் கேசட்டைப் பழுதுக்கு வந்த டேப் ரிக்கார்டர்களுக்குள்ளிருந்து நான் எத்தனை தடவை உருவி எடுத்திருப்பேன் தெரியுமா? நாடா சிக்கிக் கசங்கி இருக்கும். பென்சிலை விட்டுச் சுற்றிக் கொடுப்பேன். அந்தக் காலத்தில் அதில் நடித்த மோகனுக்கு ஏறக்குறைய எல்லாப் படத்திலும் பேசியவர் எஸ்.என்.சுரேந்தர். கேசட்டில் முகம் கிடையாதே! ஊர் ரசித்தது யாரை? மோகனைத்தான் ரசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சுரேந்தரை ரசித்தோம். அவர் நடிக்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

தேவிபட்டினம் டு வடபழனி:
உள்ளே வரலாமா? ஊர் தேவிபட்டினம். சென்னையில் டப்பிங் தியேட்டரில் உதவியாளராக நான்கு வருடம் இருந்தேன். டப்பிங் என்றால் மைக் முன்னால் நின்று சத்தமாகப் படிப்பது என்று டீச்சர் நினைப்பதுபோல் தெரிகிறது. கோபிக்க வேண்டாம். கிட்டே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

தெலுங்குப் படம் ஒன்றில் ஒரு ஆள் "வத்து" என்கிறான். வேண்டாம் என்று அர்த்தம். எழுத்தாளர் "வேண்டாம்" என்றே எழுதிவிட்டார். திரையில் அந்த ஆளின் வாய் குவிந்து முடிகிறது. "வேண்டாம்" சொன்னால் உதடு ஒட்டி மூட வேண்டும். ப, ம வந்தால் உதடு ஒட்டியே ஆகும், அது பார்க்கிறவர் கண்ணில் உடனே உறுத்தும். பேச வந்த கலைஞர் இரண்டு தடவை பார்த்தார். பேனாவை வாங்கி அடித்துவிட்டு "விடு" என்று எழுதினார். வாய் பொருந்திவிட்டது, அர்த்தமும் பொருந்திவிட்டது. அதுவும் முடிந்தபாடில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் நடிகன் இழுத்த மூச்சை இவர் இழுக்க வேண்டும். அவன் ஓடி வந்து நின்றவன் என்றால் இவருக்கும் இரைக்க வேண்டும். இவரோ ஏசி அறையில் அசையாமல் நிற்கிறார். காலை நகர்த்தினால் செருப்புச் சத்தம் மைக்கில் விழும்.

இன்னொருவன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவன் கழுத்தையும் தோளையும் பார்த்துத்தான் பிடிக்க முடியும். வடகடல் தம்பி சொன்ன அந்த விறைத்த கழுத்து, அதைப் பார்க்கக் கற்றுக்கொள்கிற இடமே டப்பிங் தியேட்டர்தான். பாஸ்கர் சார் வீடே இந்தத் தொழில் தெரிந்த வீடு. உடன்பிறந்த ஹேமமாலினியும் மகள் ஐஸ்வர்யாவும் டப்பிங் கலைஞர்கள். மகன் ஆதித்யா 2018இல் 96 படத்தில் இளவயது ராமாக வந்தார். அந்தப் பையன் எவ்வளவு குறைவாகப் பேசுகிறான் என்று பாருங்கள்.

விக்ரமையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா நம் பரமக்குடிக்காரர். சேது வருவதற்கு முன்னால் அமராவதியில் அஜித்துக்கும் காதலனில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அது வீணான காலமா?

தொண்டி தமிழ் டீச்சர்:
தம்பி, நன்றாக விளக்கினீர்கள். "வத்து, விடு" விஷயம் எனக்குப் புதிது. நாளைக்கு வகுப்பில் இதழொலிகள் பாடத்துக்கு அதையே எடுத்துக்காட்டாகச் சொல்லப் போகிறேன்.

ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லை. டப்பிங் கடினமான கலை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. இரவல் உடம்புக்குக் குரல் கொடுப்பது ஒரு வேலை. சொந்த உடம்போடு நிற்பது வேறு வேலை. முதல் வேலையில் குரல்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இரண்டாவது வேலையில் குரல் சில சமயம் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஒதுங்கலைத்தான் அவர் தாமதமாகக் கற்றார் என்கிறேன்.

கீழக்கரை ரேடியோ:
தாமதமா? மொழி வந்தது 2007இல், டீச்சர்! மகன் செத்துப்போன வருடத்திலேயே நினைவு நின்றுவிட்ட பேராசிரியர். வெளியே காலம் ஓடிவிட்டது, அவருக்கு இன்னும் 1984தான். அவ்வளவு சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வந்து பேசிவிட்டுப் போவார். உண்மையை எதிரில் வைத்ததும் உடைந்து அழுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்த ஏற்ற இறக்கம் உங்களை உறுத்தியது? அந்தப் படத்தை இரவல் சிடியில் பார்த்தேன். மறுநாள் கடையைத் திறக்கவே மனசில்லை.

அப்புறம் 2017இல் 8 தோட்டாக்கள். தன் வாழ்க்கையை எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வார். நீளமான பேச்சு. ஒரு மனிதன் உட்கார்ந்து பேசுவதை இவ்வளவு நேரம் கேட்க வைப்பதற்குக் குரல் இல்லாமல் வேறு என்ன வேண்டும்?

தொண்டி தமிழ் டீச்சர்:
மொழியை ஒத்துக்கொள்கிறேன். அது என் வாதத்தில் பெரிய ஓட்டைதான். ஆனால் அது ராதா மோகனின் பார்வை. அவர் பாஸ்கரிடம் மனிதரைப் பார்த்தார். மற்றவர்கள் குரலை மட்டும் பார்த்தார்கள். சரி, குற்றம் பாஸ்கருடையது இல்லை, கேட்டு வாங்கியவர்களுடையது என்று மாற்றிக்கொள்கிறேன். கட்டு இருந்தது என்பதை விட மாட்டேன்.

தேவிபட்டினம் டு வடபழனி:
அந்த மாற்றத்துக்கு நன்றி டீச்சர். இனி எங்கள் தொழிலின் மனக்குறையைச் சொல்கிறேன். தேசிய விருதில் பாட்டுக்கு உண்டு, ஒலிப்பதிவுக்கு உண்டு, உடைக்கு உண்டு, டப்பிங் கலைஞருக்கு என்று ஒரு பிரிவே கிடையாது. நம் மாநில அரசு விருதில் ஆண், பெண் இருவருக்கும் இருக்கிறது. மணிச்சித்திரத்தாழ் கதை தெரியுமில்லையா? 1993இல் வந்த மலையாளப் படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது. நாகவல்லியாக மாறித் தமிழில் பேசுகிற இடங்களுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா. அது வெளியே தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஷோபனாவின் கண்ணையும் ஆட்டத்தையும் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுத்தானே நமக்கு மயிர்க்கூச்செறிந்தது?

நான் இருந்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு பெண்மணி ஒரே நாளில் ஐந்து பேருக்குப் பேசினார். தாய், மாமியார், பூக்காரி, அழுகிற கூட்டத்தில் இரண்டு பேர். படம் வந்தபோது டைட்டிலில் அவர் பெயர் இல்லை. தன் மகளைத் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருந்தார். எழுத்து ஓடி முடிகிற வரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார். பாஸ்கர் சார் விருது வாங்குவதைப் பார்த்தபோது எனக்கு அந்த அம்மா முகம்தான் வந்தது.

ஒப்பிலான்:
இதைப் படித்த பிறகு துணை, முதன்மை என்ற என் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். டைட்டிலில் பெயர் போடுவதற்குப் பணமா செலவாகும்?

வடகடல்:
ஒரு யோசனை. இன்று ராத்திரி நண்டு வலை போடப் போகிறோம். கச்சான் காற்று அடிக்கிறதால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கிறது, வடகடலில்தான் தொழில். வலையைப் போட்டுவிட்டு விடியும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸும் போனில்தான் இருக்கிறது, அதனால் சார்ஜ் மிச்சம் பிடிக்கத் திரையை அணைத்துவிட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்போம். பார்க்கிங்கை அப்படிக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன். அப்பாவும் படகில் வருகிறார். அவர் அந்தப் படம் பார்த்ததில்லை.

தொண்டி தமிழ் டீச்சர்:
நல்லது தம்பி. பத்திரமாகப் போய் வாருங்கள்.

வடகடல் (மறுநாள்):
கரை சேர்ந்துவிட்டோம். நண்டு சுமார்தான்.

அப்பாவிடம் படத்தின் பெயரையோ நடிகர் பெயரையோ நான் சொல்லவில்லை. போனைப் படகின் அணியத்தில் (முன்பக்கம்) ஒரு துணி மேல் வைத்திருந்தேன். இன்ஜின் ஓடவில்லை, தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். ரொம்ப நேரத்துக்கு அப்பா "இந்தப் பெரியவர் யாருடா, கவர்ன்மெண்டு ஆபீசரா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆளை அடையாளம் தெரியவில்லை. சண்டை முற்றி ஒரு இடத்தில் அவர் வெடித்துக் கத்தினார் பாருங்கள், அப்பா உடனே எழுந்து உட்கார்ந்தார். "அட, நம்ம பட்டாபிடா!" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இவ்வளவு நேரம் ஒளிஞ்சிருந்திருக்காரே" என்று மட்டும் சொன்னார்.

இது யார் பக்கத்துச் சாட்சி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

தொண்டி தமிழ் டீச்சர்:
என் பக்கம்தான். கழற்றி வைத்ததனால்தானே அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை!

கீழக்கரை ரேடியோ:
அது எப்படி டீச்சர்? முகமே தெரியாத இருட்டில், குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன்னை ஒளித்து வைத்திருக்கிறார். மைக் முன்னால் ஊரார் உடம்புக்கெல்லாம் பேசிப் பழகாதவரால் அது முடியுமா? தம்பி, அப்பா எழுந்து உட்கார்ந்தாரே, அது எந்த இடம் என்று நிமிடக் கணக்கைச் சொல். நானும் இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.