வாயுச் சமன்பாட்டில் 27 டிகிரியை அப்படியே போட்டவர்கள் உண்டா?

ராசிபுரத்துக்காரி:
பிளஸ் ஒன் அரையாண்டு. 2 மோல் நைட்ரஜன், 27 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்ஃபியர், கன அளவு என்ன? பிவி = என்ஆர்டி (பி அழுத்தம், வி கன அளவு, என் மோல் எண்ணிக்கை, ஆர் வாயு மாறிலி, டி கெல்வினில் வெப்பநிலை) என்பதை வி = என்ஆர்டி / பி என்று ஒழுங்காக மாற்றி எழுதிவிட்டு, டி இடத்தில் 27-ஐப் போட்டேன். 4.43 லிட்டர். அடியில் இரண்டு கோடு வேறு. பேப்பர் கொடுக்கும்போது டீச்சர் திட்டவில்லை. "ஏங்கண்ணு, 27 கெல்வின்ல நைட்ரஜன் கட்டியா உறைஞ்சு கெடக்கும். அப்புறம் வாயுச் சமன்பாடு எதுக்கு?" என்றார். 273 கூட்டிக் கெல்வின் ஆக்கியிருந்தால் 49.26 லிட்டர். இப்போது மருந்துக் கடையில் ஃபிரிட்ஜ் டெம்பரேச்சர் எழுதும்போதுகூட அந்தக் குரல் கேட்கிறது.

சங்ககிரி லாரிக்காரன்:
நமக்குப் பட்டறையில். டயர் பஞ்சர், மீட்டர் முள் சுழியில். காலேஜ் சேர்ந்த திமிர், என் = பிவி / ஆர்டி போட்டு, பி சுழி என்றால் 'என்'-உம் சுழி, "டயர்ல காத்தே இல்லைங் மாமா" என்றேன். "அப்ப உள்ள இருக்கறது என்ன மாப்ளே, வெறும் வானமா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே இருப்பதை மட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ-யைக் கூட்டிக்கொண்டுதான் சமன்பாட்டுக்குள் போக வேண்டும்.

பொள்ளாச்சி டியூசன்:
முதலில் எழுதிய அம்மிணிக்கு: கெல்வின் மறப்பது சின்ன விசயமுங்க. பெரிய குழி 'ஆர்' மதிப்புதான். நான் 101.3 கிலோபாஸ்கலோடு 0.0821-ஐச் சேர்த்து அரை லிட்டர் விடை கொண்டுவந்தவன். அட்மாஸ்ஃபியரும் லிட்டரும் என்றால் 0.0821. கிலோபாஸ்கலும் லிட்டரும் என்றால் 8.314. பாஸ்கல் என்றால் அதே 8.314, ஆனால் கன அளவு கன மீட்டரில். பாதரச மில்லிமீட்டரில் கொடுத்தால் 760-ஆல் வகுத்து அட்மாஸ்ஃபியர் ஆக்குங்கள். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதை முதலில் எழுத்தாகவே இடப்பக்கம் தனியாக நிறுத்துங்கள், எண்ணை அப்புறம் போடலாம். மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) கேட்டால் 'என்'-க்குப் பதில் நிறை வகுத்தல் மோலார் நிறை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதி அடித்துக்கொண்டே வாருங்கள். கேட்ட அலகு மிஞ்சவில்லை என்றால் விடையைப் பார்க்கவே வேண்டாம்.

ராசிபுரத்துக்காரி:
ஐயா, நான் டியூசன் கேட்கலைங்க. அந்தச் "சின்ன விசயத்துக்கு" ஃபார்முலா மார்க்கும் சேர்த்துப் போச்சு. பக்கத்துப் பெண் 22.4-ஐ இரண்டால் பெருக்கி 44.8 என்று எழுதியிருந்தாள். ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பது சுழி டிகிரிக்கு அல்லவா? அவளுக்கு மட்டும் ஒரு மார்க்!