லண்டன் பென்ஷன் வரேல்லை, அப்பாவின்ர போன் நம்பரும் வேலை செய்யேல்லை. ஆராவது உதவுங்கோ

ஏஜாக்ஸ் நிலா:
வணக்கம். அப்பா லண்டனில முப்பது வருஷத்துக்கு மேல வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். அம்மா போனாப்பிறகு தனிய விட மனமில்லாமல் எங்களோட கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டம். இப்ப ரெண்டு முறை அரசாங்கப் பென்ஷன் விழேல்லை. பாங்க் ஸ்டேட்மெண்ட் லண்டன் ஹாரோவில சித்தப்பா வீட்டுக்குத்தான் போறது, அவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பினாப்பிறகுதான் எங்களுக்கே தெரியும். பாங்க் ஆப்பைத் திறந்தால் ஓடிபி லண்டன் நம்பருக்குப் போகுது. அந்த சிம்மில சிக்னலே இல்லை. பாங்குக்கு எடுத்தால் அவையும் அந்த நம்பருக்குத்தான் கோட் அனுப்புவினமாம். அவர் ஆசையாக் கொண்டுவந்த கிரைண்டரும் டிவியும் மூலையில கிடக்குது. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடேல்லை. நேற்று இரவு, "நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டினமோ பிள்ளை?" எண்டு கேட்டார். எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை.

மோர்னிங்சைட் பழசு:
பயப்பிடாதேங்கோ பிள்ளை. நான் 91 மாசியில வந்து இறங்கேக்க உடம்பில ஒரு மெல்லிய ஜாக்கெட். ஆறு பேர் ஒரு பேஸ்மெண்டில படுத்தனாங்கள். இரவு முழுக்கக் கோப்பை கழுவிப்போட்டு விடிய முதல் பஸ்ஸுக்கு நிக்கேக்க காது ரெண்டும் மரத்துப்போகும். அந்த நேரம் கேக்க ஆளில்லை.

கிரைண்டரை மட்டும் நேர பிளக்கில குத்திப்போடாதேங்கோ. லண்டனில 230 வோல்ட், இங்க 120. பிளக்கை மாத்துற அடாப்டர் வோல்ட்டை மாத்தாது. வோல்ட்டைக் கூட்டுற ஸ்டெப் அப் டிரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனா அங்க 50 ஹேர்ட்ஸ், இங்க 60. டிரான்ஸ்போமர் அதை மாத்தாது, சில மோட்டர் வேகமாச் சுத்தும், சூடாகவும் கூடும். இங்கத்தைய கரண்டுக்குச் செய்த கிரைண்டர் தமிழ்க் கடையளில கிடக்குது, அதை எடுங்கோ. போன், லப்டொப் சார்ஜரில 100–240 எண்டு எழுதியிருந்தால் பயமில்லை.

பிரம்டன் அக்கா:
லண்டன் காசை விடுங்கோ, முதல் கனடா அரசாங்கம் வயசானவைக்குக் குடுக்கிற ஓல்ட் ஏஜ் செக்யூரிட்டிக்குப் போடுங்கோ. 65 தாண்டின எல்லாருக்கும் குடுக்கிறவை.

மோர்னிங்சைட் பழசு:
தங்கச்சி, எல்லாருக்கும் இல்லை. 18 வயசுக்குப் பிறகு கனடாவில குறைஞ்சது 10 வருஷம் இருந்திருக்கவேணும். முழுசா எடுக்க 40 வருஷம். தகப்பன் நேற்று வந்தவர்.

மிசிசாகா மதுரைக்காரன்:
அக்கா, நான் யூகேல எட்டு வருஷம் இருந்துட்டு இங்க வந்தவன். ஓடிபி தொல்லையே வேண்டாம்னா பென்ஷனை நேரா கனடா பேங்க் அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. டாலராவே விழும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை, இல்ல பதிமூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு கேட்டு வாங்கலாம்.

டிவியில ஆன்டெனா சேனல் எதுவும் வராது. அங்கத்திய டியூனர் வேற முறை. பின்னாடி 100–240ன்னு இருந்தா எச்டிஎம்ஐல ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி மாட்டிப் பாக்கலாம். பிபிசி ஐபிளேயர் மட்டும் யூகேக்கு வெளிய ஓடாது.

பிரம்டன் அக்கா:
லண்டன் பாங்கை மூடுற வேலை பாக்காதேங்கோ! என்ர மாமாவுக்கு வேலை செய்த கொம்பனிப் பென்ஷன் இங்கிலாந்துக் கணக்குக்கு மட்டும்தான் போடுவினம். ஒருக்கா மூடினால் வெளிநாட்டில இருந்துகொண்டு திரும்பத் திறக்கிறது லேசில்லை.

மெல்பன் மாமா:
நாங்கள் லண்டன் விட்டு இங்க வந்து பதினெட்டு வருஷம். நிலா, அப்பாவின்ர பென்ஷன் இனி ஒரு பென்ஸும் கூடாது, இதை ஆரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டினம். கனடா, ஒஸ்ரேலியா, நியூசிலாந்து, இந்தியா, இலங்கை, இங்கையெல்லாம் போன நாள் என்ன தொகையோ அதோட உறைஞ்சுபோகும். அமெரிக்காவில இருந்தால் வருஷா வருஷம் கூடும். நயாகராவுக்குக் கனடாப் பக்கம் கூடாது, அமெரிக்காப் பக்கம் கூடும்! கட்டின காசு ஒண்டு, கிடைக்கிற காசு வேற. 2023 இல நியூ ஸ்டேட் பென்ஷன் எண்ட முழு அரசாங்கப் பென்ஷன் வாரம் 203.85 பவுண், 2025 ஏப்ரலில 230.25. 2023 இல வெளிக்கிட்டவருக்கு இண்டைக்கும் அந்தப் பழைய கணக்குத்தான்.

கல்கரி ஆன் பக்ரிஜ் அம்மா ரெண்டாம் உலக யுத்தத்தில சேவை செய்தவ. 2001 இல கனடா வந்தவவுக்கு வாரம் 72.50 பவுணில நிண்டுபோச்சு. 2024 இல, நூறு வயசு நெருங்கேக்க, லண்டனுக்கே போய் நியாயம் கேட்டவ. அதுக்கு முதலே வேற பென்ஷன்காரர் இதுக்காகப் போட்ட வழக்கு 2010 இல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்தது. எங்கட ஒஸ்ரேலியா இதுக்காகவே 2001 இல பிரித்தானியாவோட இருந்த ஒப்பந்தத்தை முறிச்சது. அதுக்கும் அசையேல்லை.

மோர்னிங்சைட் பழசு:
உதுதான் உலகம். இளமையைக் குடுத்திட்டு வாறம், கிழமைக் காசைக் கிள்ளித் தருகினம்.

பிரம்டன் அக்கா:
என்ர மாமாவும் உதைச் சொல்லிச் சொல்லியே மனம் நொந்துபோனார். வருமானம் குறைஞ்சவைக்குக் குடுக்கிற பென்ஷன் கிரெடிட் எண்டு கொஞ்சம் வந்தது, வெளிக்கிட்டதோட அதுவும் நிண்டது.

பிக்கரிங் செல்வி:
எல்லாம் நியாயமான கோவம். ஆனா அந்தப் பிள்ளையின்ர அப்பா சாப்பிடாமல் இருக்கிறார். உறைஞ்ச பென்ஷன் கூடாதே தவிர நிக்காது, இது நிண்டிருக்குது. நிலா, மூண்டு விசயம் சொல்லுங்கோ. எப்ப வந்தவர்? கனடா வந்ததைப் பென்ஷன் கந்தோருக்கு அறிவிச்சதோ? வந்தாப்பிறகு வீடு மாறினீங்களோ?

ஏஜாக்ஸ் நிலா:
2023 ஐப்பசியில வந்தவர் அக்கா. அப்பவே அறிவிச்சிட்டம், ஸ்காபரோ விலாசம் குடுத்தது. போன பங்குனியில ஏஜாக்ஸில வீடு வாங்கி வந்திட்டம். அதை அவைக்குச் சொல்லவேணும் எண்டு யோசனையே வரேல்லை.

பிக்கரிங் செல்வி:
அப்ப பெரும்பாலும் லைஃப் சேர்டிஃபிகேட்தான். வெளிநாட்டில இருக்கிற பென்ஷன்காரருக்கு, ஆள் உயிரோட இருக்கிறாரோ எண்டு கேட்டு ஒரு படிவம் தபாலில வரும். சாட்சியோட ஒப்பம் வைச்சுத் திருப்பி அனுப்பாட்டில் காசை நிப்பாட்டி வைப்பினம். என்ர அம்மாவுக்கும் இப்பிடி ஒருக்கா நடந்தது. அம்மா ஆஸ்பத்திரியில இருந்த நேரம் கடிதத்தை நான் உடைச்சுப் பாக்கேல்லை. படிவம் போய்ச் சேர்ந்தாப்பிறகு நிண்ட மாசக் காசும் சேர்த்துத்தான் வந்தது. அப்பாவுக்கு முதல் அதைச் சொல்லுங்கோ.

ஸ்காபரோ வீட்டில இப்ப இருக்கிற ஆக்களைப் போய்க் கேளுங்கோ, பழுப்பு உறையில ஏதும் வந்ததோ எண்டு. கிடைச்சாலும் கிடையாட்டிலும் திங்கள் விடிய அஞ்சு மணிக்கு எழும்பி (அப்ப லண்டனில பத்து மணி), வெளிநாட்டில இருக்கிற பிரித்தானியப் பென்ஷன்காரரைப் பாக்கிற இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டருக்கு எடுங்கோ. அப்பாவைப் பக்கத்தில இருத்தி அவரையே கதைக்க விடுங்கோ. இங்கிலாந்தில வேலை செய்யேக்க குடுத்த நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கையில இருக்கட்டும். என்னத்தால நிண்டது எண்டு கேட்டு, புது விலாசம் குடுத்து, படிவம் வேணும் எண்டு சொல்லுங்கோ. சாட்சிக்கு, பாஸ்போட் படத்துக்குப் பின்னால ஒப்பம் வைக்கக்கூடியவர் போல ஒரு ஆள்: ரீச்சர், அக்கவுண்டன்ட், பாங்கில வேலை செய்யிறவர். அவர் இங்கிலாந்தில இருக்கத் தேவையில்லை. சொந்தக்காரரைப் பிடிக்காதேங்கோ. அனுப்ப முதல் படிவத்தைப் படம் எடுத்து வையுங்கோ, ட்ராக்கிங் நம்பரோட அனுப்புங்கோ.

சிம் என்ன மாதிரி? மாசக் காசு கட்டுறதோ, டொப் அப்போ?

ஏஜாக்ஸ் நிலா:
டொப் அப். இங்க வந்தாப்பிறகு ஒரு வருஷமா காசு போடேல்லை.

பிக்கரிங் செல்வி:
ஆறு மாசம் பாவிக்காமல் விட்டால் கன கொம்பனியள் நம்பரை எடுத்துப்போடும். ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, ஆனா நம்பி இருக்காதேங்கோ. பாங்கில "நம்பர் இல்லாமல்போச்சு, வேற முறையில ஆளை உறுதிப்படுத்துங்கோ" எண்டு அழுத்திக் கேட்டு, அந்தப் பகுதிக்கு மாத்தச் சொல்லுங்கோ. கனடா நம்பரைச் சேர்ப்பினமோ, கார்ட்டைப் போட்டால் கோட் காட்டுற கார்ட் ரீடர் அனுப்புவினமோ எண்டும் கேளுங்கோ. ஒருத்தர் மறுத்தால் அடுத்த நாள் இன்னொருத்தரிட்டக் கேளுங்கோ.

இனி லண்டனில இருந்து வெளிக்கிடப்போறவைக்கும் சொல்லுறன். மாசக் காசு கட்டுற நம்பரை வெட்டிப்போட்டு வராதேங்கோ. 65075 க்கு PAC எண்டு மெசேஜ் அனுப்பினால் ஒரு கோட் வரும், 30 நாளைக்குச் செல்லும். அதை வைச்சு அதே நம்பரை மலிவான டொப் அப் சிம்முக்கு மாத்தலாம். பிறகு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அதிலயிருந்து ஒரு மெசேஜ் அனுப்புங்கோ.

மதுரைத் தம்பி சொன்னதும் சரி, பிரம்டன் அக்கா சொன்னதும் சரி. அரசாங்கப் பென்ஷனைக் கனடா பாங்குக்கு மாத்தலாம், லண்டன் கணக்கை மூடாமல் விடலாம். ஆனா காசு லண்டனிலயே கிடந்தாலும் கனடா வரிக்கணக்கில காட்டவேணும்.

ஏஜாக்ஸ் நிலா:
பழைய வீட்டுக்குப் போனம். இப்ப இருக்கிற குஜராத்தி அம்மா ரெண்டு கடிதத்தையும் எறியாமல் லாச்சிக்குள்ள வைச்சிருந்தவ. அந்தப் படிவம்தான். திங்கள் விடிய அப்பாவே கதைச்சார். குரல் நடுங்கினது, ஆனா நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரைப் பாக்காமலே சொன்னார். படிவம் போய்ச் சேர்ந்தவுடன நிண்ட காசும் சேர்த்துப் போடுவினமாம். மகளின்ர கணக்கு ரீச்சர் நாளைக்குப் பின்னேரம் சாட்சிக்கு வாறா. பாங்க் இன்னும் முடியேல்லை, நாளைக்குத் திரும்ப எடுக்கிறன். அப்பா இண்டைக்கு ரெண்டு இடியப்பம் கூடப் போட்டுச் சாப்பிட்டார் அக்கா.