புதுப்பிப்பு: தள்ளிப்போன சர்வீஸ், ஃபார்ச்சூனர் 3.0 டீசல்

முதல் பதிவின் கேள்வி: 1,60,000 கி.மீ. ஓடிய பழைய ஃபார்ச்சூனரில் விட்டுப்போன வேலைகளை எந்த வரிசையில் பிடிப்பது?

டைமிங் பெல்ட்தான் (வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓட வைக்கும் பெல்ட்) முதலில். 1,50,000-இல் மாற்ற வேண்டியது. அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து எஞ்சினே போய்விடும். பெல்ட்டை இறுக்கிப் பிடித்து வழிநடத்தும் டென்ஷனர், ஐட்லர் புல்லி எல்லாம் சேர்த்தே மாற்றியாச்சு. டாஷ்போர்டில் பெல்ட் மாற்றச் சொல்லும் விளக்கை ரீசெட் செய்ய மறக்காதீர்கள்.

எஞ்சின் ஆயில் ஃபில்டரோடு சுமார் 7 லிட்டர். டீசல் ஃபில்டர் போட்டபின் கை பம்பை இறுகும்வரை அழுத்தணும். உள்ளே காற்று தங்கிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

டிஃபரன்ஷியலில்தான் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஆயில் மாற்றும்போது பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே இருக்கும் நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து அசையாமல், கீழே ஆயிலை வடித்துவிட்டால் திரும்ப ஊற்ற வழியே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, துளை விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் அளவு சரி. பழைய ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருக்கிறதா பாருங்கள்.

பிரேக் ஃப்ளூயிட் கி.மீ. கணக்கில் வராது, 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். ஈரம் இழுத்த ஃப்ளூயிட் மலை இறக்கத்தில் கொதித்து பெடல் தரைக்குப் போகும். மிச்சம்: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), அடுத்த வாரம்.