ரோயிங் மெஷின்: 15 நிமிஷம் தாண்டினா கீழ்முதுகு பிடிக்குது, எங்கே தப்பு?

கேள்வி
ஜிம்ல இருக்கிறது கான்செப்ட்2 ரோயிங் மெஷின். டேம்பர் (சக்கரத்துப் பக்கத்துல இருக்கிற காத்து நெம்புகோல்) 10, நிமிஷத்துக்கு 28 ஸ்ட்ரோக் (இழுப்பு). 15 நிமிஷத்துக்கு மேல கீழ்முதுகு இறுகிப்போகுது, கால்ல களைப்பே இல்ல. நிமிர்ந்துதான் உட்கார்றேன். எதை மாத்தணும்?

பதில் 1
கால் களைக்கலைன்னா கால் செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்யுது. முதல்ல டேம்பரை 4-க்கு இறக்குங்க. அது சக்கரக் கூண்டுக்குள்ள போற காத்தோட அளவு. காத்து கூடினா இழுப்புக்கு இழுப்பு சக்கரம் சீக்கிரம் தளரும். திரும்ப வேகம் ஏத்துற பாரம் முதுகுல விழும். தூசி அடைச்ச மெஷின்ல அதே 4 வேற மாதிரி இருக்கும், அதனால மானிட்டர்ல டிராக் ஃபேக்டரைப் பாருங்க, சக்கரம் எவ்வளவு சீக்கிரம் தளருதுன்னு காட்டுற எண் அது. 110–130 தாராளம்.

பதில் 2
டேம்பர் பற்றி பதில் 1 சொன்னது சரிதான், ஆனால் மூல காரணம் கால், உடம்பு, கை அசையும் வரிசை என்று நினைக்கிறேன். கால் தள்ளியதும் சீட் மட்டும் பின்னே ஓடி, ஹேண்டில் நின்ற இடத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் மிச்ச இழுப்பு முழுவதும் கீழ்முதுகின் தலையில்தான். பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுங்கள்: இழுப்பின் முதல் பாதியில் சீட்டும் ஹேண்டிலும் ஒரே அளவு நகர வேண்டும். மானிட்டரில் விசை வரைபடம் (ஒவ்வொரு இழுப்பிலும் விசை ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு) ஒரே மேடாக வரணும். நடுவில் பள்ளம் விழுந்தால் காலும் முதுகும் தொடர்பு விட்டுப்போகிறது.

இழுத்து முடித்து முன்னே திரும்பி வரும்போது முதலில் கை நீளணும், பிறகு இடுப்பு மூட்டிலிருந்து உடம்பு முன்னே சாயணும், கடிகாரத்தில் 1 மணி முள் அளவுக்கு. முட்டி மடங்குவது அதற்கும் பிறகு. முட்டிக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு செங்குத்தானதும் நிறுத்துங்கள். அதைத் தாண்டி எட்டினால் இடுப்பு உள்ளே சுருண்டு முதுகு கூனும். குதிகால் லேசாக எழும்பினால் பரவாயில்லை.

கேள்வி கேட்டவர்
வீடியோ பார்த்தேன், ஹேண்டில் நகர்றதுக்கு முன்னமே சீட் பின்னால ஓடிடுது. தொடை பின்பக்கம் இறுக்கம், 1 மணி சாய்வு வரவே இல்ல.

பதில் 2
பாதப் பலகையை ஓரிரு துளை கீழே இறக்குங்கள், இடுப்பு எளிதாகச் சாயும். வார்ப்பட்டை கால்விரல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கட்டும். சாயும்போது முட்டி லேசாகத் தளர்ந்தாலும் தப்பில்லை.

பதில் 1
ரெண்டு வாரம் 28 வேணாம், 18–20 போதும். தள்ள ஒரு பங்கு நேரம், திரும்ப ரெண்டு பங்கு. ஆரம்பத்துல 10 ஸ்ட்ரோக் கால் மட்டும், கை நீட்டியபடி, சாய்வு மாறாம. வலி காலுக்கு இறங்கினா, மரத்துப்போனா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.